அந்தரங்கம்: நடிகர் வாழ்க்கை வரலாறுகள் மாற்றிவிட்ட ஒரு சொல்

டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் சென்ற மாதம் பழைய நடிகை ஒருவரின் வாழ்க்கை வரலாறு கிடைத்தது. அட்டையும் இல்லை, முதல் பக்கங்களும் இல்லை, எழுதியவர் யாரென்று தெரியாது. உள்ளே ஓர் அத்தியாயத்துக்கு 'அந்தரங்கம்' என்று தலைப்பு. வெள்ளவத்தைக்குப் பஸ்ஸில் வரும்போது அதைத்தான் முதலில் வாசித்தேன். யாரோடு பழகினார், யாரைப் பிரிந்தார், யார் வீட்டு வாசலில் யாருடைய கார் நின்றது என்று பக்கம் பக்கமாக இருந்தது. அந்த மனுஷி எதற்குப் பயந்தார், எதை நினைத்துச் சிரித்தார், படப்பிடிப்பு இல்லாத நாளில் என்ன செய்தார் என்று ஒரு வரிகூட இல்லை.

வீட்டில் அம்மா புத்தகத்தை வாங்கி அந்த அத்தியாயத்தைப் புரட்டினார். "என்ன பிள்ளை, விடுப்புப் புத்தகமோ?" என்று கேட்டார்.

தலைப்புப் போட்டவருக்கு அது அந்தரங்கம். அம்மாவுக்கு விடுப்பு. இரண்டும் ஒன்றா என்ற கேள்விதான் அகராதிகளைத் தேட வைத்தது.

அந்தரங்கம் வடமொழியிலிருந்து வந்த சொல். 'அந்தர்' என்றால் உள்ளே, 'அங்க' என்றால் உறுப்பு அல்லது பகுதி. உள்ளே இருக்கும் பகுதி, உள்ளோடு நெருங்கியது என்பது அதன் நேர்ப்பொருள். இதற்கு எதிர்ச்சொல்தான் நாம் செய்தித்தாளில் அன்றாடம் பார்க்கும் பகிரங்கம். 'பஹிர்' என்றால் வெளியே. பகிர்தல் என்ற தமிழ் வினையோடு அதைச் சிலர் இணைத்துவிடுகிறார்கள், அது சரியில்லை. அதேபோல அந்தரங்கத்துக்குள் ஓர் 'அரங்கம்' இருப்பதாகவும் தோன்றும். நடிகர்களைப் பற்றிப் பேசும்போது அது அழகாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அந்த அரங்கத்துக்கும் இதற்கும் உறவில்லை. அந்தப்புரத்தில் வரும் 'அந்த' மட்டும் உறவுதான்.

வடமொழியில் இந்தச் சொல்லுக்கு மறைவு, வெட்கம் என்ற சாயல் இல்லை. பதஞ்சலியின் யோகசூத்திரம் தாரணை, தியானம், சமாதி ஆகிய மூன்றையும் அதே நூலில் முன்பு சொன்ன ஐந்து யோக உறுப்புகளைவிட அந்தரங்கமானவை என்கிறது. மனத்துக்கு இன்னும் கிட்டவானவை என்பதே பொருள். பழைய தமிழ் உரைநடையிலும் 'அந்தரங்க சுத்தியோடு சொல்கிறேன்' என்றால் உள்ளம் சுத்தமாகச் சொல்கிறேன் என்றுதான் அர்த்தம். அந்தரங்கக் காரியதரிசி என்றால் நம்பிக்கைக்குரிய செயலாளர். (இங்கே நாம் பிரத்தியேகச் செயலாளர் என்று சொல்லிப் பழகிவிட்டோம்.) அதாவது ஒருவருடைய நெஞ்சும் நம்பிக்கையும் அந்தச் சொல்லுக்குள் இருந்தன.

அப்புறம் சொல் சுருங்கியது. அங்கம் என்றால் தமிழ்க் காதுக்கு உடம்பு. 'அந்தரங்க உறுப்பு' என்று சுகாதாரப் புத்தகங்கள் எழுதின, 'நடிகையின் அந்தரங்கம்' என்று சினிமாச் சஞ்சிகைகள் எழுதின. இன்று ஒரு நடிகரின் அந்தரங்கம் என்று சொன்னால் படுக்கையறை ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. கடன், நோய், பிள்ளைகளின் படிப்பு, இரவில் தூக்கம் வராத கவலை எல்லாம் அந்தச் சொல்லிலிருந்து வெளியேறிவிட்டன. வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர் இந்தச் சுருங்கிய சொல்லைத் தலைப்பாக வைத்தால், அவர் எழுதுவதும் அந்த அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. நான் வாங்கிய புத்தகத்துக்கு நடந்தது அதுதான்.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்? தூரம் போகத் தேவையில்லை: அகம். உள், மனம், வீடு மூன்றும் அந்த ஒரே சொல்லின் பொருள். அகங்கை, அகக்கண் என்று இன்றும் புழங்குகிறது. 'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்ற பழமொழியை நடிகருக்குப் பொருத்திப் பார்த்தால் வேறு விதமாகக் கேட்கிறது. வேறொருவரின் அகத்தைத் தன் முகத்தில் கொண்டுவருவதுதானே அவர் தொழில்? சொந்த அகம் அந்த முகத்தில் தெரியாமல் இருக்கவும் அவர் உழைக்க வேண்டியிருந்தது. அதனால்தான் அவரைப் பற்றி எழுதுவது கடினம்.

அகம் என்ற சொல்லோடு ஒரு விதியும் நமக்குக் கிடைக்கிறது. 'மக்கள் நுதலிய அகனைந் திணையும் சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்' என்கிறது தொல்காப்பியம். அகத்தைப் பாடலாம், எவ்வளவு ஆழமாகவும் பாடலாம், ஆனால் இன்னார் என்று பெயர் சொல்லக்கூடாது. பெயர் சொன்ன உடனே அது புறம். பெயரில்லாமல் வாழ்க்கை வரலாறு எழுத முடியாது என்பதால், தொல்காப்பியக் கணக்கில் ஒவ்வொரு நடிகர் வரலாறும் புறத்துக்குள் நின்றுகொண்டு அகத்தைப் பேசுகிற நூல். அப்படிப் பேச வழி உண்டா?

உண்டு. பேகனைப் பாடசாலையில் எல்லோருக்கும் தெரியும், மயிலுக்குப் போர்வை கொடுத்தவன். அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொரு பெண்ணோடு இருந்தான் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. (சிலப்பதிகாரக் கண்ணகி வேறு.) புறநானூற்றில் 143 முதல் 147 வரை ஐந்து பாட்டுகளும் இந்த விஷயம்தான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் பாடியிருக்கிறார்கள். அன்றைய மிகப் பிரபலமான ஒரு மனிதனின் குடும்பப் பிரச்சினையைப் பெயர் சொல்லிப் பாடியதால் அவை அகநானூற்றுக்குப் போகவில்லை.

பரணர் எப்படிச் சொல்கிறார் பாருங்கள். மயில் குளிரில் நடுங்குமே என்று போர்வை தந்தவனே என்று ஊரறிந்த புகழில் தொடங்குகிறார். 'பசித்தும் வாரேம் பாரமும் இலமே' என்கிறார். பசித்து வரவில்லை, சுமக்கக் குடும்பப் பாரமும் இல்லை. நான் கேட்கும் பரிசில் ஒன்றுதான், இன்றிரவே தேர் ஏறிப் போய் அவள் துயரத்தைத் தீர்த்துவிடு. கபிலர் அவள் அழுததைச் சொல்கிறார், புல்லாங்குழல் ஏங்குவதுபோல அழுதாளாம். அந்த மற்றப் பெண் யார், எப்படிப்பட்டவள் என்று விரித்துச் சொல்லி ருசிப்பது அங்கே இல்லை. கண்ணகியின் பெயரைக்கூடப் பாட்டுக்குள் கொண்டுவரவில்லை, பாட்டின் கீழே உள்ள குறிப்பில்தான் இருக்கிறது. பேகனைத் தெய்வமாக்கவும் இல்லை, கேவலப்படுத்தவும் இல்லை. ஒரு நட்சத்திரத்தின் வீட்டு விஷயத்தை எழுத இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இதன் மறுபக்கமும் சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது, அதற்கு இரண்டு சொற்கள்: அம்பல், அலர். அலர்தல் என்றால் பூத்தல். வாய்விட்டுச் சொல்லாமல் ஊர் சாடையாகப் பேசுவது அம்பல், அது மொட்டு. இன்னாருக்கும் இன்னாருக்கும் இன்னது என்று வெளிப்படையாகப் பேசினால் அலர், அது மலர்ந்த பூ. நற்றிணை 149ஆம் பாட்டில் தெருப்பெண்கள் கடைக்கண்ணால் பார்த்து, சுட்டுவிரலை மூக்கு நுனியில் வைத்து அம்பல் தூற்றுகிறார்கள். அந்தக் கைச்சாடையை இப்போதும் பார்க்கலாம். திருக்குறளில் 115ஆம் அதிகாரமே அலரறிவுறுத்தல்தான். 'ஊரவர் கௌவை எருவாக' என்று காதலுக்கு ஊர்ப்பேச்சு உரமாவதாக வள்ளுவர் சொல்கிறார்.

அலருக்கு இன்று நாம் சொல்வது கிசுகிசு. காதோடு பேசும் ஓசையிலிருந்து பிறந்த இரட்டைக்கிளவி. கொழும்பில் சிங்கள வழியாகவும் ஆங்கில வழியாகவும் 'கொசிப்' என்பதும் புழக்கத்தில் வந்துவிட்டது. அந்த ஆங்கிலச் சொல்லின் மூலம் ஞானத்தாய், ஞானத்தகப்பன் என்ற பொருளுடையது. குடும்பத்துக்குள்ளே வர உரிமை உள்ளவர் என்றிருந்த சொல், பிறகு அவர்கள் வெளியே போய்ப் பேசும் பேச்சுக்குப் பெயராகிவிட்டது. அம்மா சொன்ன விடுப்பு யாழ்ப்பாணப் பேச்சுவழக்கு. அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அறியும் ஆவலும், அறிந்ததைச் சொல்வதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். விடுப்புக் கேட்பது, விடுப்புப் பார்ப்பது என்று இரண்டும் சொல்வோம். தமிழ்நாட்டு வாசகருக்கு விடுப்பு என்றால் லீவுதான்.

அலர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அக்கால நட்சத்திர நடிகர் தியாகராஜ பாகவதரின் கதை போதும். நடிகர்களைப் பற்றி எழுதியே 'சினிமா தூது', 'இந்து நேசன்' ஆகிய பத்திரிகைகளை நடத்திய லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் குத்தப்பட்டு இறந்தார். அந்தக் கொலை வழக்கில் பாகவதரும் நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள், தண்டிக்கப்பட்டார்கள், 1947இல் விடுதலையானார்கள். பாகவதர் பிறகு பழைய இடத்துக்கு வரவே இல்லை, 1959இல் மறைந்தார். அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் வழக்கைத்தான் எழுதுகிறார்கள். சிறைக்குப் பிந்திய அந்தப் பன்னிரண்டு வருடம்தான் அவருடைய அகம், அது சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது.

கொழும்புக்காரருக்கு இன்னும் கிட்டவான கதை கே. பி. சுந்தராம்பாளுடையது. அவரும் எஸ். ஜி. கிட்டப்பாவும் 1920களின் நடுவில் இலங்கை மேடையில் சேர்ந்து பாடி நடித்தார்கள். பிறகு மணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். 1933இல், இருபத்தேழு வயதில் கிட்டப்பா இறந்தார். அதிலிருந்து சுந்தராம்பாள் வெள்ளைச் சேலைதான் உடுத்தினார். படத்துக்கு வந்தபோதும் 1935இல் ஆண்வேடமேற்று நந்தனாராகத்தான் வந்தார், அதற்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இரண்டு பாதையில் போகிறார்கள். ஒன்று தெய்வீகக் காதல்: வெள்ளைச் சேலை, விரதம், கண்ணீர். அங்கே கிட்டப்பாவின் முதல் மனைவி காணாமல் போய்விடுகிறார். மற்றது அலர்: யார் யாரை ஏமாற்றினார் என்ற பட்டியல். இரண்டிலும் சுந்தராம்பாள் இல்லை. இருபத்தைந்து வயதில் தனியாகி, ஆண்கள் நடத்திய தொழிலில் தன் சம்பளத்தைத் தானே தீர்மானித்த பெண் அவர். வெள்ளைச் சேலை துக்கமாக இருந்திருக்கும். ஊர்ப்பேச்சு நெருங்காமல் இருக்க ஒரு வேலியாகவும் இருந்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். அகம் என்ற தலைப்பின் கீழ் எழுதும் ஒருவர் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

ருக்மணி தேவியின் கதியும் ஏறத்தாழ இப்படித்தான். டெய்சி ராசம்மா டானியல்ஸ் என்ற பெயரோடு 1923இல் பிறந்த கொழும்புச் செட்டிக் குடும்பப் பெண், 1947இல் முதல் சிங்களப் பேசும்படத்தின் நாயகி. 1978இல் வீதி விபத்தில் இறந்தார். அவருடைய கல்யாணமும் மரணமும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. ராசம்மா என்ற பெயரை வீட்டில் விட்டுவிட்டு, வேறு பெயரில் ஒரு நாட்டின் குரலாவது உள்ளே எப்படி இருந்திருக்கும்? தமிழில் அதை யாராவது எழுத வேண்டும் என்று ஏங்குகிறேன்.

சட்டம் இந்த விஷயத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறது. 1994இல் இந்திய உச்ச நீதிமன்றம், ஒரு கைதியின் சுயசரிதையைத் தமிழ்ச் சஞ்சிகை வெளியிடுவது பற்றிய வழக்கில், ஒருவரின் குடும்பம், திருமணம், தாய்மை போன்றவற்றைச் சம்மதமில்லாமல் வெளியிடக்கூடாது, பொதுப் பதிவேடுகளில் உள்ளதை வெளியிடலாம் என்றது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம், ஜெயலலிதாவின் வாழ்க்கைப் படம் பற்றிய வழக்கில், அந்தத் தனியுரிமை ஒருவரின் மரணத்தோடு முடிந்துவிடும் என்றது. ஆக, பழைய நட்சத்திரங்களில் பெரும்பாலோருக்குச் சட்டக் காவல் இல்லை. ஆனால் அவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். நடிகை சாவித்திரியின் வாழ்க்கை 2018இல் படமானபோது அவருடைய மகள் அதை ஏற்றுக்கொண்டார். சாவித்திரியின் கணவர் ஜெமினி கணேசனின் இன்னொரு மகள், தன் தந்தையைத் தவறாகக் காட்டிவிட்டார்கள் என்று பகிரங்கமாகவே வருந்தினார். ஒரே வீட்டுக் கதை, இரண்டு அகம். எழுதுகிறவர் இரண்டு கதவையும் தட்டியிருக்க வேண்டும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். நடிகர் வாழ்க்கை வரலாற்றில் 'அந்தரங்க வாழ்க்கை' என்று வரும் இடத்தில் அகவாழ்வு என்று எழுதலாம், அகவாழ்க்கை என்றாலும் சரி. சட்டம் பற்றிய இடத்தில் தனியுரிமை ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, அதை மாற்ற வேண்டாம். ஆதாரமில்லாமல் ஊர் பேசியதை எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், அதை அகவாழ்வில் சேர்க்காமல் அலர் என்றே பெயர் சொல்லித் தனியாக வைக்கலாம். சாடைப் பேச்சோடு நின்றதற்கு அம்பல் இருக்கிறது. அந்தரங்க சுத்தி மட்டும் அப்படியே இருக்கட்டும். பழைய பொருள் அதில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அம்மாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். புத்தகத்தைத் திரும்பவும் வாங்கிப் பார்த்து, "அப்ப இது அலர்" என்றார். பிறகு அந்த நடிகையின் படம் ஒன்றை இளவயதில் கொட்டாஞ்சேனை செல்லமஹாலில் பார்த்ததைச் சொன்னார், அவர் அழுத காட்சியில் தியேட்டரே அமைதியானதாம். புத்தகத்தில் அந்தப் படத்தைத் தேடினோம். அரை வரியில் பெயர் மட்டும் இருந்தது.