‘உலர் ஒயின்’ வேண்டாம்

“ஷப்ளி ஓர் உலர்ந்த ஒயின். சிப்பியுடன் நன்றாகப் பொருந்தும்.” பிரெஞ்சு உணவைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் இதுபோன்ற வரிகளைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. போன வாரம் அப்படி ஒன்றைப் படித்துவிட்டு என் சித்தி கேட்டார்: “உலர் திராட்சையில செய்யறதாப்பா அது?” அவருக்கு ஒயின் பழக்கமில்லை, தமிழ் நன்றாகத் தெரியும். குற்றம் அந்தச் சொல்லில்தான்.

இந்த ‘உலர்’ பிரெஞ்சின் ‘செக்’ (sec) என்ற சொல்லின் நேர் மொழிபெயர்ப்பு. லத்தீனின் ‘சிக்குஸ்’, அதாவது ஈரமற்றது, என்பதிலிருந்து வந்தது. ஒயினில் அது சர்க்கரையைக் குறிக்கிறது. திராட்சைச் சாறு நொதிக்கும்போது ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும். மிச்சமிருப்பது லிட்டருக்கு 4 கிராமுக்குள் என்றால், ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அது செக். புளிப்பு போதிய அளவு இருந்தால் 9 கிராம் வரைகூட விடுவார்கள். சரி, இதைத் தமிழில் ‘இனிப்பற்ற ஒயின்’ என்றால் முடிந்தது.

‘பிரெஞ்சிலேயே அது உருவகம்தானே, தமிழும் அப்படியே எடுத்துக்கொள்ளட்டுமே’ என்று ஒரு வாதம் உண்டு. எடுத்துக்கொள்ளலாம், அந்த இடம் காலியாக இருந்தால். சித்தி கேட்ட மாதிரி உலர்ந்த திராட்சையில் செய்யும் ஒயின் உண்மையிலேயே இருக்கிறது. பிரான்ஸின் ஜுரா பகுதியின் ‘வைக்கோல் ஒயின்’ அது. பழத்தைக் குறைந்தது ஆறு வாரம் உலரவைத்துப் பிழிகிறார்கள், தேன் மாதிரி தித்திக்கும். ‘உலர் ஒயின்’ என்றதும் தமிழ்க் காதுக்கு முதலில் தோன்றுவது இதுதான். சொல்ல வந்ததற்கு நேர் எதிர்!

இன்னொரு குழப்பம் இதைவிட மோசம். ‘உலர்’ என்றால் வாய் உலர்த்துவது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். வாயை இழுத்துப் பிடிப்பது திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின். அதற்கு நம்மிடம் துவர்ப்பு என்ற அருமையான சொல் இருக்கிறது. நாந்த் நகரைச் சுற்றித் தயாராகும் மஸ்கடே ஒயின் இனிப்பற்றது, துவர்ப்பு இருப்பதே தெரியாது. அதன் புளிப்புதான் உப்புக் கரிக்கும் சிப்பிக்கு எலுமிச்சை பிழிந்த வேலையைச் செய்கிறது. தென்மேற்குப் பிரான்ஸின் மதிரான் ஒயினும் இனிப்பற்றதுதான், ஆனால் கடுந்துவர்ப்பு. கொழுப்பு மிகுந்த வாத்துக்கறிக்கு அந்தத் துவர்ப்பு வேண்டும், சிப்பிக்கு வைத்தால் வாயில் இரும்பைக் கடித்த மாதிரி இருக்கும். இரண்டையும் ‘உலர்’ என்று எழுதி வாசகரை எப்படித் தேர்வு செய்யச் சொல்வது? உப்பேறிய ரோக்ஃபோர் சீஸுக்குத் தித்திப்பான சோத்தெர்ன் ஒயின் ஏன் சேர்கிறது என்பதும், இனிப்பை இனிப்பு என்று சொன்னால்தான் புரியும்.

இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு. அறுசுவையில் மூன்று சொற்கள் தயாராக நிற்கும்போது, மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் ஒருதடவையாவது தாம் எழுதிய வரியை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். ஒயினைத் ‘திராட்சை ரசம்’ ஆக்குபவர்களிடமும் இதே குறைதான். இன்றைய வாசகருக்கு அது பழச்சாறு. ஒயின் என்றே எழுதலாம், அதனால் தமிழ் தேய்ந்துவிடாது.

அப்புறம், ஷாம்பேன் பாட்டிலில் ‘செக்’ என்று இருந்தால் ‘இனிப்பற்ற’ என்றும் எழுதிவிடாதீர்கள். அங்கே செக் என்பது லிட்டருக்கு 17 முதல் 32 கிராம் சர்க்கரை. 12 கிராமுக்கும் குறைவானது ‘ப்ரூட்’. ஷாம்பேனில் அந்தப் பெயர்களை அப்படியே வைத்து, பக்கத்தில் சர்க்கரை அளவைச் சொல்வதே சரி. 32 முதல் 50 கிராம் வரையுள்ள ‘தெமி-செக்’ ஷாம்பேனை ‘அரை உலர்’ என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். அது நல்ல தித்திப்பு, பழக் கேக்கோடு குடிப்பது.