"மனசு கஷ்டமா இருக்கு" என்றால் என்ன?

குடும்பநல ஆலோசகரான என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு சுற்றுப் பஞ்சாயத்தை முடித்துவிட்டுத்தான் வருவார்கள். வீட்டுப் பெரியவர்கள், "யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுங்க, அனுசரிச்சுப் போங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். எதை விட்டுக்கொடுப்பது, எதுவரை அனுசரிப்பது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்படித்தான் ஓர் அக்காவும் தம்பியும் வந்தார்கள். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அம்மாவுக்கு வாரம் 3 முறை டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். போய்வரும் நேரம் தனி. அம்மா இருப்பது அக்கா வீட்டில், தம்பி வெளியூரில். உட்கார்ந்ததுமே அக்கா ஆரம்பித்துவிட்டார்: "ஒரு நாளாவது அம்மாவைப் பத்தி நெனச்சியாடா?" தம்பி உடனே, "மாசாமாசம் பணம் அனுப்புறேன்ல அக்கா, இன்னும் என்ன பண்ணணும்?" பல மாதங்களாக இந்த இரண்டு வரிகளைத்தான் போனில் மாற்றி மாற்றிப் பேசியிருக்கிறார்கள்.

இந்த மாதிரி இடத்தில் எனக்குக் கைகொடுப்பது, அமெரிக்க உளவியலாளர் மார்ஷல் ரோசன்பெர்க் உருவாக்கிய 'வன்முறையற்ற தொடர்பாடல்'. 1943-ல் டெட்ராய்ட் நகரில் இனக்கலவரம் வெடித்தபோது அங்கே சிறுவனாக இருந்தவர் அவர். நடந்தது என்ன, அதனால் எனக்குள் எழும் உணர்வு என்ன, அதன் அடியில் இருக்கும் தேவை என்ன, இப்போது நான் கேட்பது என்ன என்று நான்கு படிகள்.

முதல் படிக்காக அக்காவிடம், கேமராவில் பதிவாகக்கூடியதை மட்டும் சொல்லச் சொன்னேன். "போன மாசம் 13 தடவை ஆஸ்பத்திரிக்குப் போனோம். 13 தடவையும் நான் ஒருத்திதான் கூட இருந்தேன்." தம்பி மறுத்துப் பேசவில்லை. அந்தக் கணக்கு அவருக்கு அதுவரை தெரியாது.

இரண்டாவது படியில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கேட்டால் "மனசு கஷ்டமா இருக்கு" என்பார்கள். கோபம், பயம், அவமானம், அசதி எல்லாவற்றுக்கும் நம்மிடம் அந்த ஒரே வார்த்தைதான். இல்லையென்றால், "இவன் என்னை மதிக்கவே இல்ல" என்பார்கள். அது உணர்வே இல்லை, எதிராளி மீது எழுதிய தீர்ப்பு. "கஷ்டம்னா எப்படி? பயமா, சோர்வா, தனியா விட்டுட்டாங்கன்ற தவிப்பா?" என்று கேட்டேன். அக்கா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "பயமா இருக்கு. நான் கூட இருக்கும்போது அம்மாவுக்கு ஏதாவது ஆயிட்டா, எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க."

தம்பி பணம் அனுப்பியும் சண்டை தீராததன் காரணம் அதில் இருந்தது. மூன்றாவது படியான தேவை இதுதான்: அக்காவுக்குத் தேவைப்பட்டது, பொறுப்பில் பங்குபோட ஓர் ஆள்.

கடைசிப் படி, கேட்பது. "பொறுப்பா இரு" என்று கேட்டால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. "மாசத்துல 2 சனிக்கிழமை நீ வா. டாக்டர் பேசும்போது போன்ல இரு" என்று கேட்கலாம். மறுக்க இடம் இருந்தால்தான் அது வேண்டுகோள், இல்லையென்றால் கட்டளை. தம்பி, ஒரு சனிக்கிழமைதான் முடியும் என்றார். அக்காவுக்கு முகம் வாடியது, ஆனாலும் சரி என்றார்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடி, மிரட்டல் உள்ள வீட்டில் இந்த முறையை நான் பரிந்துரைப்பதில்லை. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

அடுத்த சந்திப்பில் அக்காவும் தம்பியும் பணத்தை வைத்து மறுபடி சண்டை போட்டார்கள். "ஒரு நாளாவது..." என்று ஆரம்பித்த அக்கா பாதியில் நிறுத்தி, பையிலிருந்து டயாலிசிஸ் தேதிகள் எழுதிய டைரியை எடுத்துத் தம்பி பக்கம் நகர்த்தினார்.