ஆணியும் பலகையும் தாங்கும் வீடு

சிகாகோவில் 1836-இல் கட்டிய ஹென்றி கிளார்க் என்பவரின் வீடு இன்னும் நிற்கிறது. அது பழைய தச்சுமுறை: தடித்த உத்திரத்தின் முனையை நாக்குபோலச் செதுக்கி, தூணில் போட்ட துளைக்குள் செருகி இறுக்குவார்கள். உறுதி முழுக்க அந்த மூட்டில்தான், அதற்குக் கைதேர்ந்த தச்சர்கள் வேண்டும்.

ஆனால் 1830-களில் அதே ஊரில் வேறொரு முறையும் பரவத் தொடங்கியது. மரம் அறுக்கும் ஆலைகளில் சன்னமான சட்டங்கள் குவிந்தன. கொல்லர் ஒவ்வொன்றாக அடித்த ஆணி போய், இரும்புத் தகட்டை இயந்திரம் வெட்டித்தள்ளும் மலிவான ஆணி வந்தது. அப்புறம் என்ன, சுமார் 2 அங்குலத்துக்கு 4 அங்குலச் சட்டங்களை, பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்றாக, அடித்தளத்திலிருந்து கூரைவரை ஒரே நீளமாக நிறுத்தினார்கள். மாடித் தளத்துக்கு, அந்தச் சட்டங்களின் உள்பக்கத்தில் சிறு பள்ளம் வெட்டி ஒரு பலகையைப் படுக்கையாகப் பதித்து, தளச் சட்டங்களை அதன்மேல் உட்கார வைத்து, பக்கவாட்டில் ஆணி அடித்தார்கள். அவ்வளவுதான், பெரிய மூட்டே கிடையாது.

சரி, காற்றடித்தால் சாயாதா? சட்டங்கள் மட்டும் இருந்தால் கட்டாயம் சாயும். அதைத் தடுப்பது வெளியே அடிக்கும் பலகைதான். ஒவ்வொரு பலகையும் சட்டத்தைக் கடக்கும் இடத்தில் மேலும் கீழுமாக இரண்டு ஆணி இருப்பதால், பலகையும் சட்டமும் ஒன்றையொன்று திருகவிடாது. பலகையைச் சாய்வாக அடித்தால் இன்னும் உறுதி, ஏனென்றால் அங்கே முக்கோணங்கள் உருவாகின்றன, முக்கோணம் நெளியாது. பாரத்தை இத்தனை மெல்லிய சட்டங்கள் பங்குபோட்டுக்கொள்வது எனக்கு அந்த நூற்றாண்டின் மிக அழகான பொறியியலாகவே தெரிகிறது.

ஆபத்தும் அந்தச் சட்டங்களின் ஒரே நீளத்தில்தான் இருக்கிறது. இரண்டு சட்டங்களுக்கு நடுவே சுமார் 14 அங்குல வெற்றிடம், நிலவறையிலிருந்து பரண்வரை தடையில்லாமல் போகிறது. கீழே தீப்பிடித்தால் சூடான புகை அதற்குள் புகைபோக்கிபோல மேலேறிவிடும். குறுக்கே தடுப்புக் கட்டை அடித்தால் அடங்கும், ஆனால் பல பழைய வீடுகளில் அது இல்லை. பின்னாளில் தளத்துக்குத் தளம் தனிச்சுவராகக் கட்டும் முறை வந்ததும் அந்த வழி தானாகவே அடைபட்டது. அத்தனை நீளமான சட்டங்களைத் தேட வேண்டியதும் இல்லை. இப்படிப்பட்ட பழைய வீட்டின் நிலவறையில் தீ என்றால், அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் பரணையும் உடனே பார்ப்பது இதனால்தான்.