கொன்ட்ரோலர்: கதவைக் கட்டுவதா, பெயரைச் சரிபார்ப்பதா?

சில ஆண்டுகளுக்கு முன் கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகக் கட்டடத்துக்கான விலைமனு அறிவித்தலைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். பொருட்பட்டியலில் 'டோர் கொன்ட்ரோலர் 6' என்று ஒரு வரி இருந்தது. இரவு பதினொரு மணி. விடிந்தால் அச்சுக்குப் போகவேண்டும். 'கதவுக் கட்டுப்பாட்டாளர் 6' என்று எழுதி அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். அறிவித்தல் வெளியான அன்று மதியம் ஹட்டனிலிருந்து ஒருவர் அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, ஆறு வேலைக்கும் வயதெல்லை என்ன, தங்குமிடம் தருவார்களா என்று விசாரித்திருக்கிறார். அழைப்பை என் பக்கம் திருப்பிவிட்டார்கள். "ஐயா, அது ஆளில்லை, பெட்டி" என்று சொல்லிமுடிப்பதற்குள் எனக்கு நாக்குக் குழறிவிட்டது.

பிழை அவருடையதன்று. இலங்கைத் தமிழில் கட்டுப்பாட்டாளர் என்றால் மனிதர்தான். கடவுச்சீட்டு எடுக்கப் போனவர்களுக்குக் குடிவரவு, குடியகல்வுக் கட்டுப்பாட்டாளர் நாயகத்தைத் தெரியும். 'ஆளர்' என்ற ஈறு ஆளுக்கு உரியது: எழுத்தாளர், கணக்காளர், பணியாளர். இயந்திரத்துக்குத் தமிழ் வேறோர் ஈற்றை வைத்திருக்கிறது. ஒலிபெருக்கி, மின்மாற்றி, குளிரூட்டி, மின்பிறப்பாக்கி என்று வினையின் வாலில் ஓர் இகரத்தை ஒட்டினால் கருவி பிறந்துவிடும். ஆகவே குறைந்தபட்சம் 'கட்டுப்படுத்தி' என்றாவது நான் எழுதியிருக்கவேண்டும். அதுவும் போதாது என்பது பிறகுதான் புரிந்தது.

முதலில் பொருளைப் பார்ப்போம். அலுவலகக் கதவருகே அட்டையைக் காட்டுகிறோமே, அந்தச் சிறு கறுப்புச் சதுரம் கொன்ட்ரோலர் அன்று. அது ரீடர், வாசிப்பான். அட்டையில் உள்ள எண்ணை வாசித்து உள்ளே சொல்லிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. உள்ளே, பொய்க்கூரைக்கு மேலோ மின்சார அறையின் சுவரிலோ, ஓர் இரும்புப் பெட்டிக்குள் பாடசாலைக் கொப்பி அளவில் ஒரு மின்சுற்றுப் பலகை இருக்கும். எண் அங்கே போகிறது. இந்த எண் பட்டியலில் உண்டா, இந்தக் கதவுக்கு அனுமதி உண்டா, இந்த நேரத்தில் உண்டா என்று பலகை பார்க்கிறது. உண்டென்றால் ரிலே என்கிற, மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்ச் 'டிக்' என்று ஓசையிடும். பூட்டு ஐந்து விநாடிக்கு விடுபடும். அந்தப் பலகைதான் டோர் கொன்ட்ரோலர்.

இனிச் சொல்லுக்கு வருவோம். கொன்ட்ரோலர் என்ற ஆங்கிலச் சொல்லின் வேரில் கதவும் இல்லை, கட்டுதலும் இல்லை. அங்கே இருப்பது ஒரு கணக்குச் சுருள். இடைக்கால இலத்தீனில் 'கொன்ட்ரா ரோட்டுலுஸ்' என்றால் எதிர்ச்சுருள். ஒரு கணக்கர் தோற்சுருளில் வரவு செலவு எழுதுவார். அதே கணக்கை இன்னொருவர் வேறொரு சுருளில் எழுதி வைத்திருப்பார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் களவு வெளிப்படும். நம் பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டை செய்கிற வேலைதான். அந்த இரண்டாம் சுருளை வைத்திருந்தவரைப் பழைய பிரெஞ்சில் 'கொன்த்ரரோலர்' என்றார்கள். ஆங்கிலத்துக்கு வந்தபோது கணக்கைச் சரிபார்த்தல் என்ற பொருளே முன்னின்றது. அடக்கி ஆளுதல் என்ற பொருள் பின்னால் ஏறியது. பிரெஞ்சில் பழைய வாசனை இன்னும் போகவில்லை: ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிறவர் அங்கே 'கொன்த்ரொலர்'தான். ஆங்கிலத்தில் 'கொம்ப்ட்ரோலர்' என்று ஓர் எழுத்துக்கூட்டல் உண்டு. கணக்கைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததாக யாரோ தவறாக எண்ணியதால் இடையில் புகுந்த எழுத்து அது. இந்தியாவின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் ஆங்கிலப் பதவிப்பெயரில் அந்தப் பிழை இன்றும் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது.

கொழும்புக் கட்டடங்களின் வாசலில் இன்றும் ஒரு பெரிய கொப்பி கிடக்கும். பெயர், தேசிய அடையாள அட்டை எண், பார்க்க வந்தவர், நேரம். நூலில் கட்டிய பேனை. நாம் கொப்பி என்கிற சொல்லும் நகலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததுதான் என்று நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். எதிர்ச்சுருளும் ஒரு நகல்தானே. வாசல் கொப்பிக்கும் இரும்புப் பெட்டிக்கும் இடையில் இருப்பது மின்சாரம் மட்டும்.

வாங்கப் போகிறவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வியும் இந்த வேர்ச்சொல்லிலேயே இருக்கிறது: இந்தப் பெட்டி தன்னிடம் ஒரு நகலை வைத்திருக்கிறதா? முழுப் பட்டியல் எங்கோ ஒரு சேர்வரில் இருக்கும். நல்ல கொன்ட்ரோலர் அதன் படியை இறக்கித் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். வலையமைப்பு அறுந்தாலும் கதவில் நிற்கிறவர் தன்னுடைய ஆளா என்று தானே பார்த்துச் சொல்லும். யார் எப்போது வந்தார் என்பதையும் எழுதி வைத்து, தொடர்பு மீண்டதும் சேர்வருக்கு ஒப்புவிக்கும். ஒவ்வோர் அட்டைக்கும் சேர்வரைக் கேட்டே பதில் சொல்லும் பெட்டிகளும் சந்தையில் உண்டு. வேர்ச்சொல்லின்படி பார்த்தால் அவற்றுக்குக் கொன்ட்ரோலர் என்ற பெயரே பொருந்தாது. எத்தனை அட்டை கொள்ளும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். தொடர்பு இல்லாத நேரத்தில் எத்தனை நிகழ்வுகளை நினைவில் வைத்திருக்கும் என்று கேட்கிறவர் அபூர்வம்.

அடுத்தது, பெட்டி எங்கே இருக்கவேண்டும் என்பது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அரண்மனையை அடைந்ததும் 'வாயிலோயே வாயிலோயே' என்று காவலனை விளிக்கிறாள். அவன் உடனே விடவில்லை, விரட்டவும் இல்லை. உள்ளே போய், வந்தவளின் தோற்றத்தை அரசனிடம் சொல்கிறான். வரச்சொல் என்கிறான் அரசன். அதன் பிறகே வழி திறக்கிறது. கண் வெளியே, முடிவு உள்ளே. சிறு கடைகளுக்கு விற்கிற, ரீடரும் கொன்ட்ரோலரும் ஒன்றாக அமைந்த மலிவுப் பெட்டியில் இந்த முறை குலைந்துவிடுகிறது. பூட்டைத் திறக்கிற வயர் கதவுக்கு வெளிப்பக்கச் சுவருக்கே வந்துவிடும். மூடியைக் கழற்றி இரண்டு வயர்களைத் தொடவைக்கத் தெரிந்தவனுக்கு அட்டை எதற்கு? வர்த்தகக் கட்டடத்தின் வெளிவாசலுக்கு அந்த வகையை நான் வைக்கச் சொல்லமாட்டேன். உட்புறக் களஞ்சிய அறைக்குப் போதும்.

வாயிலோன் உள்ளே போய்ச் சொல்கிற மொழி ஒன்று உண்டல்லவா? ரீடருக்கும் கொன்ட்ரோலருக்கும் இடையிலான பழைய மொழியின் பெயர் வீகண்ட். ஜோன் வீகண்ட் என்பவர் கண்டறிந்த ஒருவகைக் காந்தக் கம்பியின் இயல்பிலிருந்து வந்த பெயர். இதன் வழக்கமான வடிவம் 26 பிட், அதாவது பூச்சியமோ ஒன்றோ ஆன 26 இலக்கம்: கட்டடக் குறியீட்டுக்கு 8, அட்டை எண்ணுக்கு 16, பிழை பார்க்க முன்னும் பின்னும் ஒவ்வொன்று. பதினாறு பிட்டில் 65,536 எண்களுக்கு மேல் அடங்காது. கட்டடக் குறியீடும் 256தான். ஆகவே ஊரில் வேறொரு கட்டடத்து அட்டைக்கும் உங்கள் அட்டைக்கும் ஒரே எண் அமைவதற்கு வாய்ப்பு உண்டு. அதைவிடப் பெரிய குறை, எண் வயரில் மூடாக்கு இல்லாமல் ஓடுகிறது. ரீடருக்குப் பின்னால் ஒரு சிறு கருவியைச் செருகினால் போகிற வருகிற எண்களையெல்லாம் பதிந்துகொள்ளலாம். புதிய மொழியான ஓஎஸ்டிபி இருவழிப் பேச்சு. ஒட்டுக்கேட்பவருக்குப் புரியாதபடி மறையாக்கம் செய்து பேசவும் முடியும். 2020இல் சர்வதேசத் தரமாகவும் ஏற்கப்பட்டது. வீகண்ட் வயர் ஏறத்தாழ 150 மீற்றரோடு களைத்துவிடும். இது 1,200 மீற்றர் வரை போகும். இன்று புதிதாக வாங்குகிறவர் ஓஎஸ்டிபி தெரியாத பெட்டியை வாங்குவதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. ஆனால் அந்த மறையாக்கத்தை இயக்கிவிட்டுத்தான் போனார்களா என்று கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் வசதி இருக்கும், இயக்கப்பட்டிருக்காது.

அந்த '6' என்ற எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. விலைமனு கொடுக்க வந்த தொழில்நுட்பவியலாளர் ஒருவர், "ஆறு பெட்டியா, ஆறு கதவா?" என்று கேட்டார். அலுவலகத்தில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. ஒரு கதவுக்கானது, இரண்டு கதவுக்கானது, நான்கு கதவுக்கானது என்று பலகைகள் வருகின்றன. ஆறு கதவென்றால் நான்கு கதவுப் பலகை இரண்டு போதும். அதுவும் உள்ளே போக அட்டை, வெளியே வரப் பொத்தான் என்ற ஏற்பாட்டுக்குத்தான். இரு பக்கமும் ரீடர் வைத்தால் பல தயாரிப்புகளில் நான்கு கதவுப் பலகை இரண்டு கதவோடு நின்றுவிடும். கதவை எண்ணாதீர்கள், ரீடரை எண்ணுங்கள் என்றார் அவர். தன் பையிலிருந்து அரிசிமணியைவிடச் சற்றுப் பெரிய ஒரு கறுப்பு உருளையையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒரு நுனியில் வெள்ளிக் கோடு. டயோட். பூட்டின் சுருளில் மின்சாரம் அறுகிற கணத்தில் எதிர்த்துப் பாய்கிற மின்னழுத்தத்தை இது விழுங்கிக்கொள்ளுமாம். சில ரூபாய்ச் சாமான். இதைப் பூட்டருகே போடாமல் விட்டதால் ரிலே முனை கருகிய பலகைகளை எத்தனையோ முறை மாற்றியிருக்கிறாராம். என் மொழிபெயர்ப்பில் இருந்த பிழையைவிட மூலத்தில் இருந்த பிழை பெரிது என்று அன்று அறிந்து சற்று ஆறுதலடைந்தேன்.

மின்வெட்டைப் பற்றிக் கொழும்புக்காரருக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை இருட்டில் இருந்தோம். காந்தப் பூட்டுக்கு மின்சாரம் போனால் பிடியும் போய்விடும். அறுநூறு இறாத்தல், அதாவது சுமார் 272 கிலோ இழுவிசையுள்ள ஒரு பூட்டு 12 வோல்ட்டில் ஏறக்குறைய அரை ஆம்பியர் குடிக்கும். பலகைக்கும் ரீடருக்கும் ஒரு 0.3 சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் வழக்கமாக வைக்கிற 7 ஆம்பியர்-மணி பற்றரி காகிதக் கணக்கில் ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவாகவே தாங்கும். மூன்று வருடப் பழைய பற்றரி அதில் பாதியைத் தாண்டினால் அதிர்ஷ்டம். மின்சாரம் போனாலும் வெளியாருக்குத் திறவாத பூட்டுகள் உண்டு. பணப்பெட்டி அறைக்கு அதைப் போடலாம். உள்ளிருந்து கைப்பிடியைத் திருகி வெளியேற முடியவேண்டும். ஆட்கள் தப்பி ஓடவேண்டிய வழியில், காந்தப் பூட்டைப்போல் மின்சாரம் போனதும் விடுபடுகிற பூட்டு நல்லது. தீ எச்சரிக்கை ஒலித்தால் அது கொன்ட்ரோலரிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. பூட்டுக்குப் போகிற மின்சாரத்தை நேரே அறுக்கவேண்டும். இந்த ஓர் இடத்தில் சரிபார்ப்பவனுக்கு வேலையில்லை.

இப்போது தமிழ்ப் பெயர். 'கதவுக் கட்டுப்படுத்தி' இலக்கணப்படி சரி. ஆனால் கட்டு, கட்டுப்படு, கட்டுப்படுத்து என்று ஏறிவந்த சொல் அது. கட்டிவைத்தல்தான் அதன் உயிர். ஊர்க் கட்டுப்பாடு என்கிறோமே, அந்தக் கட்டு. சரிபார்த்தல் என்ற பழைய பொருள் அதில் ஏறவே இல்லை. போதாததற்கு, தானே விலகுகிற கண்ணாடிக் கதவின் மோட்டாரை இயக்குகிற பலகைக்கும் சந்தையில் டோர் கொன்ட்ரோலர் என்றுதான் பெயர். அது உண்மையிலேயே கதவைத்தான் கட்டுப்படுத்துகிறது. 'கதவுக் கட்டுப்படுத்தி'யை அதற்கே விட்டுக்கொடுத்துவிடலாம்.

நண்பர் ஒருவர் 'வாயிலாளி' என்றார். வாயில் அழகான சொல். இல்லின் வாய், இல்வாய், முன்பின்னாக மாறி வாயில் ஆயிற்று என்பார்கள். ஆனால் எங்கள் விஞ்ஞானப் பாடநூலில் ஆளி என்றால் மின்சுவிட்ச். வாயிலாளி என்று எழுதினால் அழைப்பு மணிப் பொத்தானைத் தேடுவார்கள். வேலி வாசலின் கதவைக் குறிக்கும் யாழ்ப்பாணத்துப் 'படலை' என் மனத்துக்கு நெருங்கிய சொல். கோட்டையில் இருபது மாடிக் கட்டடத்துக்குப் படலை வைக்க எனக்குத் துணிவில்லை. சிங்களத்தில் கொன்ட்ரோலர் என்பதற்குப் 'பாலக' என்பார்கள். குடிவரவுக் கட்டுப்பாட்டாளர் நாயகம் அங்கே பாலக ஜெனரல். அப்படியானால் டோர் கொன்ட்ரோலர் துவாரபாலகர்! கருவறை வாசலில் இருபுறமும் கதாயுதத்தோடு நிற்கிறவர்களை இரும்புப் பெட்டிக்குள் அடைப்பது அபசாரம் என்பதால் அதையும் விட்டேன்.

திருத்தி வெளியிட்ட அறிவித்தலில் 'நுழைவுக் கட்டுப்படுத்தி' என்று எழுதினேன். அந்தப் பெட்டி பார்ப்பது கதவையன்று, நுழைகிறவரை. சொல்லின் முன்பாதியிலாவது அது வந்துவிட்டது. 'அணுகல் கட்டுப்பாடு' என்று கணினிக்காரர் எழுதுவது கோப்புகளுக்குச் சரி. கால் வைத்து உள்ளே போவதற்கு நுழைவுதான் தமிழ். பேச்சில் எல்லாரும் கொன்ட்ரோலர் என்றே சொல்வார்கள், சொல்லட்டும்.

போன மாதம் அதே கட்டடத்துக்கு விரல்ரேகை ரீடர் வைக்கப்போவதாக இன்னோர் ஆவணம் வந்தது. அதில் கொன்ட்ரோலர் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று பழைய இரும்புப் பெட்டி. மற்றது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற கொன்ட்ரோலர்: தரவை எதற்காக, எப்படிக் கையாள்வது என்று தீர்மானிக்கிற தரப்பு. விரல்ரேகை அந்தச் சட்டத்தில் தனிக் கவனத்துக்குரிய தரவு வகையில் சேரும். பதில் சொல்லவேண்டியவர் ரேகையை எடுக்கச் சொன்ன நிறுவனம். சுவரில் தொங்குகிற பெட்டி அன்று. முதலாவதற்கு நுழைவுக் கட்டுப்படுத்தி என்றும், இரண்டாவதற்குக் கட்டுப்பாட்டாளர் என்றும் எழுதினேன்.