ரெகுலேட்டரில் தேய்வது எது?

முட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சிலிண்டர் காற்றில் மூச்சுவிட்டுக் கடலில் முங்கும் ஸ்கூபா பயிற்சியில் சேர்ந்திருக்கிறாராம், சொந்தமாக ரெகுலேட்டர் வாங்கப்போகிறார். சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவி அது. "பிளாஸ்டிக் வாங்காதே, நம்ம கடல் உப்புக்குத் தாங்காது, முழுக்க உலோகத்தில் செய்ததை வாங்கினால் ஆயுசுக்கும் உழைக்கும் என்கிறார்கள். உண்மையா?"

உப்பு பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. அது அரிப்பது உலோகத்தைத்தான். ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. ரெகுலேட்டரின் ஆயுள் இவ்விரண்டும் தொட்டுக்கொள்ளும் ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

சிலிண்டரில் காற்று ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். ஒரு சதுர சென்டிமீட்டர் மீது 200 கிலோ ஏற்றிவைத்த மாதிரி. அதை இரண்டு படிகளில் இறக்குகிறோம். சிலிண்டரின் கழுத்தில் மாட்டும் முதல் நிலை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 9, 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி குறைக்கும். வாயில் கவ்வும் இரண்டாம் நிலை, மிச்சத்தையும் குறைத்து நீரழுத்தத்துக்குச் சமமாக்கும். 1943-ல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் உருவாக்கிய கருவியின் வழிவந்ததுதான் இது. முதல் நிலையின் உடல் பெரும்பாலும் குரோமியம் பூசிய பித்தளை. உலோகமா பிளாஸ்டிக்கா என்ற பேச்செல்லாம் இரண்டாம் நிலையின் கூட்டைப் பற்றியது.

முதல் நிலையைத் திறந்து பார்த்தால், உள்ளே ஒரு வட்டமான உலோக விளிம்பு இருக்கும். மெல்லியது, வழவழப்பானது. அதற்கு எதிரே சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஒரு பிளாஸ்டிக் வட்டு. நாம் மூச்சை இழுக்கும்போது இரண்டும் மயிரிழை அளவு விலகும், காற்று பாயும். மூச்சை நிறுத்தியதும் ஒட்டிக்கொள்ளும், காற்று நிற்கும். நிமிடத்துக்கு 15 மூச்சு என்று வைத்தால், 40 நிமிட முங்கலில் 600 தடவை திறந்து மூட வேண்டும்.

இரண்டையும் உலோகத்திலேயே செய்தால் என்ன? எவ்வளவு தேய்த்துப் பளபளப்பாக்கினாலும் உலோகத்தின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் இருக்கும். மேட்டோடு மேடு முட்டிக்கொண்டு நிற்க, பள்ளங்கள் வழியே காற்று நழுவிவிடும். ஒரு பக்கம் சற்றே மென்மையாக இருந்தால், விளிம்பு அதில் அழுந்தும். பிளாஸ்டிக் நெகிழ்ந்து அந்தப் பள்ளங்களை அடைத்துக்கொள்ளும். நம் வீட்டுக் குழாயின் வாஷர் செய்யும் வேலைதான். ஆனால் இங்கே 200 பாருக்கு எதிராக.

பழைய வட்டு ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விளிம்பு பதிந்த வட்டத் தடம் தெரியும். அந்தத் தடம் சீராக இருக்கிறவரை நல்லது. அதன் குறுக்கே ஒரு கீறல் விழுந்தால் காற்று கசியும், இடைப்பட்ட குழாயில் அழுத்தம் மெல்ல ஏறும். இங்கேதான் இந்த வடிவமைப்பின் மேல் எனக்கு அளவில்லாத மதிப்பு. பெரும்பாலான ரெகுலேட்டர்களில் இரண்டாம் நிலையின் வால்வு காற்று போகும் திசையிலேயே திறக்கும். எனவே ஏறிய அழுத்தம் அதை அடைக்காமல் தள்ளித் திறந்துவிடும். வாய்ப்பக்கம் காற்று சீறிக்கொண்டு வரும், சிலிண்டர் சீக்கிரம் காலியாகும். அதுவரை மூச்சு தடைபடாது, மேலே ஏறிவிடலாம். பழுதாகும்போதுகூட மனிதனின் பக்கம் சாய்கிற பொறி!

வட்டை மலிவாக மாற்றிவிடலாம். உலோக விளிம்பில் குழி விழுந்தால்தான் தலைவலி, புதிதாகப் போடும் வட்டையும் அது கீறிவிடும். குரோமியப் பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை போதும், உப்புநீர் அடியிலுள்ள பித்தளையைப் பிடித்துக்கொள்ளும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. முதல் நிலையில் காற்று நுழையும் இடத்தில் ஒரு சிறு உலோக வடிகட்டி இருக்கிறது. அதில் பச்சைக் களிம்பு தெரிந்தால் கடல்நீர் உள்ளே போயிருக்கிறது. பழுப்பாக இருந்தால் இரும்புச் சிலிண்டரின் உட்புறம் துருப்பிடித்திருக்கிறது. பழைய ரெகுலேட்டர் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கூட்டின் கதை சுருக்கமானது. கண்ணாடி இழை கலந்த நைலான் உப்புக்கு அசையாது, எடையும் குறைவு, தாடை வலிக்காது. அதன் பகை வெயில். புற ஊதாக் கதிர் அதன் நீண்ட மூலக்கூறுகளை நறுக்கி நொறுங்க வைக்கும். குளச்சல் உச்சிவெயிலில் வள்ளத்தின் மேல் காயப்போடக் கூடாது. உலோகக் கூடு அடி தாங்கும். வெப்பத்தையும் எளிதில் கடத்தும். பனிக்கடலில் உள்ளே ஐஸ் பிடிக்காமல் காப்பது அந்தக் குணம்தான். நம் கடலில் அதற்கு வேலையில்லை. மூச்சின் ஈரம் அதில் படிவதால் வாய் அவ்வளவு வறளாது என்பது மட்டும் இங்கும் லாபம்.

டைட்டானியத்தில் செய்த ரெகுலேட்டர்களும் உண்டு. அதன் மேல் தானாகவே படியும் ஆக்சைடு படலத்தைக் கடல்நீரால் ஊடுருவ முடியாது. ஆக்சிஜன் செறிவூட்டிய காற்றுக்கு மட்டும் அது ஆகாது, தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அந்த டைட்டானியத்தின் தாது, இல்மனைட், மணவாளக்குறிச்சிக் கருமணலில் கிடக்கிறது. உலகில் இத்தாதுவின் பெரும்பகுதி வெள்ளைப் பெயின்ட் நிறமியாகத்தான் முடிகிறது. இஸ்ரோவின் நிதியுதவியோடு கொல்லம் அருகே சவராவில் டைட்டானியப் பஞ்சு, அதாவது பஞ்சுபோல் துளைகள் நிறைந்த கச்சா டைட்டானியம், செய்யும் ஆலை வந்தது. ராக்கெட்டுக்குக் கிடைத்த அந்தப் பணத்தில் ஒரு துளியாவது கடலில் உழைப்பவனின் கருவிக்கும் ஒதுக்கப்பட வேண்டும். கடியப்பட்டணத்தில் மூச்சைப் பிடித்து முங்கிச் சிப்பி எடுப்பவர்கள் இருக்கிற குமரி மாவட்டம் இது. உலோகங்களை உப்புக்காற்றில் வைத்துச் சோதிக்க, ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் இருப்பதுபோல ஒரு நிலையம் நம் மேற்குக் கரையிலும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகருக்கு என் பதில்: பித்தளை முதல் நிலை, பிளாஸ்டிக் இரண்டாம் நிலை, தாராளமாக வாங்குங்கள். கழுவும்போது முதல் நிலையின் தூசி மூடியை இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள். காற்று இணைப்பு இல்லாதபோது இரண்டாம் நிலையின் பொத்தானை அழுத்தாதீர்கள், தண்ணீர் குழாய்க்குள் ஏறிவிடும். சர்வீசுக்குக் கொடுத்தால், இரண்டு நிலைகளுக்கும் இடையிலுள்ள குழாயின் அழுத்தத்தை அளவியில் காட்டச் சொல்லுங்கள். முள் 9, 10 பார் பக்கம் வந்து அசையாமல் நிற்க வேண்டும். நின்ற பிறகும் மெல்ல ஏறிக்கொண்டே போனால், அந்த வட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது.