எண்ணெயில் மிதக்கும் அச்சு: 2,38,000 கிலோமீட்டர் ஓடிய டர்போ காரை வாங்கலாமா?

கனடாவில், ஒன்டாரியோவின் பாரி நகரில் வேலை கிடைத்தும் வீட்டை டொரோன்டோவின் ஸ்கார்பரோவிலேயே வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, 2010 சுபாரு ஃபாரெஸ்டர் எக்ஸ்டி ஒன்று விலைக்கு வருகிறது. டர்போ, நாலு சக்கரமும் இழுக்கும், 2,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஸ்னோவில் 400 நெடுஞ்சாலையில் தினமும் போய்வர வேண்டும். வாங்கலாமா, டர்போ என்றாலே ஓடிவிடுவது நல்லதா?" கூடவே ஒரு பின்குறிப்பு. மீட்டர் எண்களைக் கூட்டினால் 4 வருகிறது, அது ராகுவின் எண், வேண்டாம் என்று அவருடைய மாமா சொல்லிவிட்டாராம்.

மாமாவின் பிரச்சினை சுலபம். இன்னும் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் கூட்டுத்தொகை 5 ஆகிவிடும், புதன் வந்துவிடுவார். தம்பியின் கேள்விதான் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

டர்போ என்ன செய்கிறது என்பது பள்ளிக்கூடத்து விஷயம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை வீணாகப் போகாமல் ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியலாம், சிறிய என்ஜின் பெரிய வேலை செய்யும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூக்கி 1905லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த இடம் அந்த இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் இருக்கிறது.

அந்த அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலே சுற்றும். 1,20,000 என்று வைத்துக்கொள்வோம், நொடிக்கு 2,000 சுற்று. அச்சு சுண்டுவிரலை விட மெல்லியது, 8 மில்லிமீட்டர் என்று கொண்டால் அதன் மேற்பரப்பு மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, அதுவும் தன்னைச் சுற்றியிருக்கும் ஒரு உலோகப் புஷ்ஷுக்குள்ளேயே! ஒரு பக்கம் 800, 900 டிகிரிப் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. இந்த வேகத்தில் உலோகம் உலோகத்தைத் தொட்டால் சில நொடிகளில் கதை முடிந்துவிடும். ஆனால் இரண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய டர்போக்கள் சாதாரணமாகச் சாலையில் இருக்கின்றன. எப்படி? அது தொடுவதே இல்லை. ஆயிலின் மேல் மிதக்கிறது.

இதைக் கண்டுபிடித்த கதை நன்றாக இருக்கும். 1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் சங்கம் உராய்வைப் பற்றி ஆராய பீச்சம்ப் டவர் என்பவரை அமர்த்தியது. அவர் ரயில் பெட்டியின் அச்சுத் தாங்கி (பேரிங்) போன்ற ஒன்றைச் செய்து, ஆயிலில் தோய்ந்தபடி சுற்றவிட்டு அளந்துகொண்டிருந்தார். தாங்கியின் தலையில் ஆயில் விட ஒரு துளை போட்டார். மேலேயிருந்து ஊற்றலாம் என்று நினைத்தால், அச்சு சுற்ற ஆரம்பித்ததும் ஆயில் துளை வழியாக மேலே பொங்கி வந்தது. தக்கை வைத்து அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மர ஆப்பு அடித்தார், அதுவும் வெளியே வந்தது. மனிதர் எரிச்சலடையாமல் அந்த இடத்தில் ஒரு அழுத்தமானியை மாட்டினார். தாங்கியின் மேல் இருந்த சராசரிச் சுமை சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு, மானி காட்டியதோ 200க்கும் மேல். அதாவது அந்தச் சுமை முழுவதையும் தூக்கி நிறுத்தியிருந்தது கண்ணுக்கே தெரியாத ஆயில் படலம். அழுத்தம் கொடுக்க ஒரு பம்ப்கூட அங்கே கிடையாது!

1886ல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதிக் கொடுத்தார். சுமையால் அச்சு தாங்கியின் நடுவில் இருக்காமல் சற்று ஒதுங்கி இருக்கும். அதனால் சுற்றியுள்ள இடைவெளி ஒரு பக்கம் அகலமாகவும் போகப்போகக் குறுகலாகவும் ஆகிறது, ஆப்பு மாதிரி. ஆயில் பிசுபிசுப்பானது, அச்சில் ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும். அகலமான வாயில் நுழைந்து குறுகலான இடத்துக்கு இழுத்துச் செல்லப்படும்போது வெளியே போக வழியில்லாமல் நெருக்கியடித்து அழுத்தம் ஏறுகிறது, அந்த அழுத்தம் அச்சைத் தூக்கிவிடுகிறது. வேகம் இருக்கும்வரை மிதப்பு இருக்கும். மழை நாளில் வேகமாகப் போகும் காரின் டயருக்கும் சாலைக்கும் நடுவே தண்ணீர் புகுந்து காரையே தூக்கி வழுக்கவைக்கிறதே, அதே இயற்பியல்தான். டயருக்கு அடியில் நடந்தால் விபத்து, டர்போவுக்குள் நடக்காவிட்டால் விபத்து.

ரயில் பெட்டியின் அச்சில் ஆயில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க இன்று யாராவது நிதி கேட்டுப் போனால் என்ன பதில் வரும் என்று அடிக்கடி யோசிப்பேன். தலைப்பில் செயற்கை நுண்ணறிவு இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். 1966ல் பிரிட்டிஷ் அரசுக்காக பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு, உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தாலே அந்த நாட்டுக்கு ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று கணக்குக் காட்டியது. பகட்டில்லாத அறிவியல், சோறு போடும் அறிவியல். சரி, காருக்கு வருவோம்.

மிதக்கிற பொருள் தேயாது என்றால் 2,38,000 என்ற எண்ணுக்கு என்ன பொருள்? என்னைக் கேட்டால், பலர் நினைப்பதை விடக் குறைவு. தேய்மானம் நடப்பது மிதக்காத நேரங்களில். காலையில் சாவி போட்டதும் ஆயில் டர்போவரை ஏறிவர எடுக்கும் அந்த ஓரிரு நொடி. மைனஸ் 20ல் ஆயில் தேன்பாகு மாதிரி இறுகியிருக்கும்போது அந்த நொடிகள் நீளும். அப்போது உலோகத்தைக் காப்பாற்றுவது ஆயிலில் கலந்திருக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மங்கள் பரப்பில் படியவிடும் மெல்லிய பூச்சு. ஆயில் கிழடானால் அதுவும் தீர்ந்துபோகும். ஒரு குளிர்காலக் காலையில் சாவி போட்டு 100 கிலோமீட்டர் ஓடிய காரையும், அதே 100 கிலோமீட்டரை இருபது தடவை கடைக்கும் டிம் ஹார்ட்டன்ஸ் காபிக்கடைக்கும் போய்வந்து ஓட்டிய காரையும் மீட்டர் ஒரே மாதிரிதான் எண்ணும். இரண்டாவது காரின் ஆயில் ஒழுங்காகச் சூடாகியே இருக்காது, எரியாத பெட்ரோல் அதில் கலந்து நீர்த்துப் போயிருக்கும். நெடுஞ்சாலையில் ஓடிய 2,38,000, ஊருக்குள் ஓடிய 1,20,000ஐ விட நல்ல காராக இருக்க முடியும்.

இன்னொரு எதிரி, வண்டியை நிறுத்தும் நேரம். என்ஜினை அணைத்ததும் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், ஆனால் புகைச் சக்கரத்தின் சூடு எங்கே போகும்? அச்சு வழியாக நடுவுக்கு ஏறி, அங்கே தேங்கிய ஆயிலைக் கரியாக்கும். அந்தக் கரி, ரத்தக்குழாயில் படியும் கொழுப்பு மாதிரி ஆயில் வழியை அடைக்கும். இதற்குத்தான் "நிறுத்தும் முன் அஞ்சு நிமிஷம் ஐடிலில் விடு" என்ற சடங்கு வந்தது. பழைய டர்போக்களுக்கு அது நியாயம். இந்தச் சுபாருவின் என்ஜின் குடும்பத்தில் டர்போவைச் சுற்றி, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டும் ஓடுகிறது. அணைத்த பிறகும் சூடான கூலண்ட் தானாக மேலே எழுந்து, ஆறியது கீழே இறங்கிச் சூட்டை எடுத்துப் போகும். மேட்டில் ஏறிவந்த உடனே டக்கென்று அணைக்காதே என்பதோடு அந்தச் சடங்கை முடித்துக்கொள்ளலாம். கோயிலில் காருக்கு எலுமிச்சம்பழம் நசுக்குவதற்கும் எனக்கு ஆட்சேபம் இல்லை, அதற்கு முன்னால் ஆயில் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்துவிட்டால் போதும்.

இந்தக் குடும்பத்து என்ஜின்கள் பலவற்றுக்குச் சொந்தமான ஒரு வியாதியும் உண்டு. டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் குழாயின் போல்ட்டுக்குள் ஒரு குட்டிச் சல்லடை இருக்கும். அழுக்கு டர்போவுக்குப் போகக்கூடாது என்று நல்ல எண்ணத்தில் வைத்தது. ஆயிலைக் காலத்தில் மாற்றாத காரில் அந்தச் சல்லடையே அடைத்து, அழுக்கோடு சேர்த்து ஆயிலையும் நிறுத்திவிடும். அப்புறம் மிதப்பு ஏது?

ஆகவே தம்பி முதலில் பார்க்க வேண்டியது ரசீதுகளை. ஆயில் எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் மாறியது? இடைவெளிகள் சீராக இருந்தால் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. 1,68,000 வாக்கில் டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டன்களோடு தாளம் தவறாமல் இயக்கும் பட்டை) மாற்றியிருக்க வேண்டும், அதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த என்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பிஸ்டன் வளையங்களுக்கு நடுவிலுள்ள மேடு உடைவது இந்த டர்போ என்ஜின்களில் கேள்விப்படாத விஷயம் அல்ல, எனவே நான்கு சிலிண்டரிலும் அழுத்தக் கசிவுச் சோதனைக்குக் காசு கொடுப்பது வீண்செலவு ஆகாது. ஆயிலைச் சோதனைச்சாலைக்கு அனுப்பி அதில் எவ்வளவு இரும்பு, செம்பு, அலுமினியம் கரைந்திருக்கிறது என்று பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த வழி, ரத்தப் பரிசோதனை மாதிரி. ஆனால் விற்பவர் நேற்றுதான் ஆயில் மாற்றினேன் என்று பெருமையாகச் சொன்னால் அந்த வழி போச்சு.

டர்போவைக் கையாலேயே சோதிக்கலாம், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். என்ஜின் ஆறியிருக்கும்போது காற்றுக் குழாயைக் கழற்றி அச்சின் நுனியைப் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் லேசாக ஆடும். உடனே "ஐயோ, டர்போ போச்சு" என்று ஓடிவிடாதீர்கள். அந்த ஆட்டம் ஆயில் படலத்துக்காக விட்ட இடம், ஆயில் இல்லாதபோது அது வெறும் இடைவெளியாகத் தெரிகிறது. சக்கரம் சுற்றுச்சுவரில் உரசக்கூடாது, முன்னும் பின்னும் இழுத்தால் கைக்குத் தெரிகிற அளவு நகரக்கூடாது. அப்படி நகர்ந்தால்தான் ஓட வேண்டும்.

நாலு சக்கர இயக்கத்தைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. இந்த ஆட்டோமேட்டிக் ஃபாரெஸ்டரில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே ஆயிலில் நனைந்த கிளட்ச் தட்டுகள் இருக்கின்றன. முன் டயர் இரண்டும் புதுசு, பின் டயர் இரண்டும் 3 மில்லிமீட்டர் தேய்ந்தவை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவில் வித்தியாசம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். டயர் ஒரு சுற்றில் 2.13 மீட்டர் போகும், கிலோமீட்டருக்கு சுமார் 470 சுற்று, ஆக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பின்னும் முன்னும் கிட்டத்தட்ட 9 மீட்டர் ஒத்துப்போகாது. பாரிக்குப் போய்வர 200 கிலோமீட்டர் என்றால் தினமும் 1.8 கிலோமீட்டர் அந்தத் தட்டுகள் வழுக்கிச் சமாளிக்க வேண்டும். நான் ஒருமுறை இதைப் பார்க்காமல் ஒரு பழைய கார் வாங்கினேன். முன்னால் ஒரு ஜோடி, பின்னால் வேறொரு ஜோடி, விற்றவர் "புது டயர் போட்டுக் கொடுக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே தந்தது. மூன்றாம் மாதம் பார்க்கிங்கில் முழுதாகத் திருப்பினால் கார் முயல் மாதிரி குதித்தது. கிளட்சுக்குக் கொடுத்த காசில் இரண்டு செட் டயர் வாங்கியிருக்கலாம். எனவே காலி பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக வட்டமடித்துப் பாருங்கள், கார் தடங்கல் இல்லாமல் உருள வேண்டும். டயர் நான்கும் ஒரே வகையா, தேய்மானம் ஒரே அளவா என்று டயர் பள்ளத்தில் நாணயத்தையாவது விட்டுப் பாருங்கள்.

ஒன்டாரியோவின் சேஃப்டி சான்றிதழ் பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, டயர் போன்ற பாதுகாப்பு விஷயங்களுக்குத்தான், டர்போ எத்தனை நாள் தாங்கும் என்று அது சொல்லாது. உப்புத் துரு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைக் காரைத் தூக்கிப் பார்க்காமல் நம்பாதீர்கள். என்ஜின் பிழைத்து அடிச்சட்டம் போன கார்களை இங்கே நிறையப் பார்த்துவிட்டேன்.

தம்பி நேற்று ரசீதுகளின் படங்களை அனுப்பினார். 6,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில், பெல்ட் 1,65,000ல், டயர் நான்கும் ஒரே நாளில் வாங்கியவை. முதல் உரிமையாளர் தினமும் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய்வந்தவராம். எனக்கு அந்தக் கார் பிடித்துவிட்டது, ஆனால் கசிவுச் சோதனை முடியும்வரை முன்பணம் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன். போன தடவை இவர் பார்க்கப் போனபோது பானெட் சூடாக இருந்ததாம், விற்பவர் ஏற்கனவே ஓட்டி வைத்திருந்திருக்கிறார். சனிக்கிழமை காலை மைனஸ் 14 என்கிறார்கள். வெள்ளி இரவு காரை வெளியிலேயே விட்டுவைக்கச் சொல்லி விற்பவரைத் தம்பி கேட்டிருக்கிறார், சாவி போடும்போது நானும் பக்கத்தில் நிற்கப் போகிறேன்.