வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வருகிறது?

31ஆம் நாள் நினைவு மலருக்காக, கல்லடியிலிருந்து ஒரு தம்பி தகப்பனாரின் அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவந்தார். பின்னணியில் மட்டக்களப்பு வாவியும் சாயும் பொழுதும் வேண்டும் என்றார். முகத்தை வெட்டி ஒட்டினேன். போட்டோஷொப்பில் தேய்த்த இடத்தை வெளிச்சமாக்கும் டொட்ஜ் டூலால் நெற்றியையும் கன்னத்தையும் தேய்த்துப் பளிச்சிட வைத்தேன். பிரிண்ட் கையில் கிடைத்ததும் தாயார் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது எங்கட அவர் இல்ல மனே."

வேறு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். ஆனாலும் அந்தச் சொல் இன்னும் மனதை அறுக்கிறது.

பிழை இதுதான்: சூரியன் தகப்பனாரின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. அப்படியென்றால் தலைமுடி ஓரமும் தோளும்தான் மின்ன வேண்டும், முகம் சற்று மங்க வேண்டும். முகத்திலோ ஸ்டூடியோ ஃப்ளாஷ் நேர் முன்னால் அடித்திருந்தது. அதற்குமேல் நான் வைத்த ஹைலைட், அதாவது பளிச்சிடும் மினுக்கம், எந்த விளக்கிலிருந்தும் வந்ததல்ல. பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் கண் பிடித்துவிடும்.

இப்போது எதையும் தொடுமுன் படத்தைப் பெரிதாக்கிக் கருமணியைப் பார்க்கிறேன். அங்கே ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். விளக்கோ ஜன்னலோ இருந்த பக்கத்தை அது காட்டிக்கொடுக்கும். மூக்கின் நிழல் அதற்கு எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் திசை உறுதி. அப்புறம்தான் பின்னணி. தேவையென்றால் பின்னணியை இடம்வலமாகத் திருப்பலாம். முகத்தைத் திருப்பாதீர்கள், மச்சமும் வகிடும் பக்கம் மாறிவிடும். ஊரறிந்த கல்லடிப் பாலம் தெரிகிற படமென்றால் அதையும் திருப்ப முடியாது, பக்கம் மாறியது தெரிந்துவிடும்; வேறு படம்தான் தேட வேண்டும்.

மூலப்படத்தின் மேலேயே தேய்க்கவும் வேண்டாம். போட்டோஷொப்பில் 50% சாம்பல் நிரப்பிய புது லேயரை (மேலடுக்கை), அந்தச் சாம்பல் கண்ணுக்குத் தெரியாத ஓவர்லே முறையில் வைத்து, மெல்லிய வெள்ளைப் பிரஷ்ஷால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கூடிப்போனால் சாம்பலைப் பூசி அழித்துவிடலாம். வெளிச்ச அளவைச் சரிசெய்யும் லெவல்ஸில் ஆல்ட் விசையை அழுத்தியபடி வெள்ளை முனையை நகர்த்தினால், விவரம் செத்துப்போகும் இடங்கள் கறுப்புத் திரையில் தெரியும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்ச அளவான 255ஐத் தொட்ட நெற்றியில் அச்சு மை விழாது, வெறும் தாள்தான் தெரியும்.

நகையில் இன்னொரு தவறு நடக்கிறது. தங்கம் தன் நிறத்தைக் கலந்துதான் ஒளியைத் திருப்பும். தாலிக்கொடியில் சுத்த வெள்ளை வைத்தால் வெள்ளிபோல் ஆகிவிடும். வெளிர் மஞ்சள் வையுங்கள். தோலின் எண்ணெய் மினுக்கம் அப்படியல்ல, அது விளக்கின் நிறத்தையே காட்டும். முப்பரிமாண உருவம் செய்யும் பிளெண்டர் மென்பொருளில், பொருள் உலோகமா என்று சொல்லும் மெட்டாலிக் அளவை 1 என்று வைத்தால் இந்த வேறுபாடு தானாகவே வரும்.

எனக்கு மிகவும் நோகிற விசயம், சாமத்திய வீட்டு அல்பத்துக்கு வருகிறவர்கள் "பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்க" என்று கேட்பது. கறுத்த தோலில்தான் ஹைலைட் எடுப்பாக விழும்; சுற்றிலும் ஆழமான நிறம் இருக்கிறதே. கன்னமேட்டு மினுக்கத்தை முகமெங்கும் பரப்பினால் மேடுபள்ளம் அழிந்து முகம் தட்டையாகிவிடும். அதனால் இரண்டு பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். அநேகமாகத் தாய்மாரின் கை, பிள்ளையின் சொந்த நிறம் உள்ளதைத்தான் எடுக்கிறது.